கறுப்புக் கொடிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு

மாநாடு வருகிறது என்பது எனக்குச் சுவரொட்டி பார்த்துத் தெரிவதில்லை. அதற்கு முன்பே போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு போன் செய்துவிடுவார்.

"வணக்கம் சார். ஒடம்பெல்லாம் எப்பிடி இருக்கு?"

"இருக்கேன். சொல்லுங்க."

"இந்த வாட்டி எத்தினி பேரு வரீங்க சார்? மதியச் சாப்பாடு சொல்லணும்."

எங்களை வேவு பார்ப்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் மனிதர் அவர். பல வருஷப் பழக்கத்தில் வேவு பார்ப்பது சலித்துப் போய், நேராகக் கேட்டுவிடுகிறார். நானும் ஒளித்துச் சொல்லிப் பழக்கமில்லை. அந்தக் கட்சி கடலூரில் மாநாடு போடும்போதெல்லாம் கறுப்புச் சட்டைக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் மஞ்சக்குப்பத்தில் கூடிக் கறுப்புக் கொடி காட்டுவோம். காட்டுவோம் என்பது பேச்சுக்கு. கொடியை விரிக்கும் முன்னே வேனில் ஏற்றி ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு பஸ் ஆள் இருந்தோம். இப்போது ஒரு வேனில் அடங்கிவிடுகிறோம். அதிலும் பாதிப்பேர் பிரஷர் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

கடலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் எங்க ஊர் முற்போக்கான ஊர் என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன். சாமி இல்லை என்று பேசுகிற கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, மாசி மகத்தன்று துண்டோடு கடற்கரையில் நிற்கிற ஊர் இது. மாதா தேர் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் மெழுகுவத்தி போகும். பழைய பழக்கவழக்கத்தையெல்லாம் திரும்பக் கொண்டுவரணும் என்று பேசுகிற அந்தக் கட்சிக்கு இங்கே ஓட்டு விழாது. ஆனால் மாநாடு என்றால் ஊரே வரிசையில் நிற்கும். மண்டபம், சேர், ஜெனரேட்டர், வேன், தண்ணீர் கேன் என்று எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல ஆளில்லை. கொள்கை வேறு, வாடகை வேறு. எங்கள் கண்டனக் கூட்டத்துக்கு ஃபிளக்ஸ் அடிக்கிற கடைக்காரர்தான் அவர்களுடைய வரவேற்பு வளைவுக்கும் அடிக்கிறார். "இவுங்க வருஷா வருஷம் மாநாடு போட்டா நல்லாருக்கும் சார், உங்க ஆர்டரும் சேந்து வருது பாருங்க" என்று என்னிடமே சொன்னார். கோபப்படத் தெம்பில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

நல்ல நேரம் பார்க்காமல் நாற்காலியைக்கூட நகர்த்தாத கட்சி அது. ஆனால் மாநாட்டை மட்டும் ஆடியில் வைத்துக்கொள்ளும். கல்யாணம் இல்லாததால் மண்டபமெல்லாம் காலியாக இருக்குமே, அதற்காக. ராகுகாலம் எமகண்டம் எல்லாம் புரட்டு என்று பேசுகிற எங்கள் ஆட்களும் பிள்ளைகள் கல்யாணத்தை ஆவணிக்குத்தான் தள்ளி வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், என் மகள் கல்யாணத்தை. சம்பந்தி வீட்டார் கேட்டது, மண்டபம் கிடைத்தது என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன ஆடியில் ஏட்டு போன் செய்த அன்று என் மனைவி சமையலறையில் பாத்திரக்கடைப் பையிலிருந்து புதுப் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு குழம்புச் சட்டி, ஒரு பொரியல் சட்டி, ரசத்துக்கு ஒன்று. எதற்கு என்று கேட்டேன்.

"தம்பி வரான். அவன் இப்ப சுத்த சைவம். நம்ப சட்டியில எல்லாம் மீன் வெச்சிருக்கு."

அவளுடைய தம்பி, என் மச்சான், காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். அண்ணாமலை நகரில் நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் அங்கே மாணவர். எங்களோடு சேர்ந்து கறுப்புச் சட்டை போட்டவர். புரோகிதர் இல்லாமல் நடந்த எங்கள் கல்யாணத்தில் எங்கள் இருவர் கையிலும் மாலை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பிற்பாடு ஒரு புயலில் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் போனோம், பார்த்தோம், உச்சுக் கொட்டினோம், கண்டன அறிக்கை விட்டோம். அந்தக் கட்சிக்காரர்கள் அரிசியும் தார்ப்பாயும் மரம் அறுக்க ஆளும் கொண்டு வந்தார்கள். மச்சான் அந்தப் பக்கம் போனதை நான் துரோகம் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் அலுத்துவிட்டது.

அரசியல் வேறாகியும் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. மகளுக்கு நிச்சயம் ஆனபோதுதான் நின்றது. பையன் கடலூரிலேயே ஒரு பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். மகளோடு படித்தவன், மரியாதையான பிள்ளை. மாதா கோயிலில் கல்யாணம், முதல் நாள் எங்கள் வீட்டில் நலங்கு என்று பேசி முடித்தோம். அதிலிருந்து மச்சான் அக்காவின் போனை எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நலங்குக்கு உட்காரும் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன்தான் போட வேண்டும். என் மனைவி வேறெதற்கும் என்னிடம் பிடிவாதம் பிடித்தவள் இல்லை. இது ஒன்றுக்காக அவள் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் மாநாட்டுக்கு வருகிறார், உணவுக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு என்று யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன் போட்டிருக்கிறாள். அதிசயமாக எடுத்திருக்கிறார். கடலூர் வரும்போது வீட்டுக்கு வரப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

"இந்த ஒரு வாட்டி போவாதீங்க" என்றாள். "அவன் வந்து எறங்குற அன்னிக்கே நீங்க கொடியத் தூக்கிக்கினு நின்னா அவன் எப்பிடி நம்ப வீட்டுப் படி ஏறுவான்?"

நான் யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நானாக விட்டால் கோழைத்தனம், இவள் கேட்டு விட்டால் குடும்பம். சரி என்றேன். ஏட்டுக்குப் போன் போட்டு என்னைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். சரி சார் என்றார், குரலில் நம்பிக்கையே இல்லாமல்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கொடிகளெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடந்தன. சாயம் போகாமல் இருக்கக் குடைத்துணியில் அவளே தைத்துக் கொடுத்தவை. மாநாட்டன்று காலையில் அவற்றை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். அடுப்பில் மச்சானுக்காகப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் வாங்க, வாழையில வாங்கணும்" என்றாள்.

மஞ்சக்குப்பம் டீக்கடையில் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே ஏட்டு, பின்னால் வேன்.

"ஏறுங்க சார்."

"நான் வரல. கொடி குடுக்க வந்தேன்."

"தெரியும் சார். ஆனா நீங்க வெளியில சுத்தினா எங்களுக்கு டென்ஷன். மொத்தம் எத்தினி பேருன்னு மேல சொல்லியாச்சு. ஒரு ஆளு கொறஞ்சா, அவரு எங்க, பந்தலுக்குள்ள பூந்துட்டாரான்னு என்னைத்தான் குடைவாங்க. எப்பவும் வரவரு இல்லன்னா யாரு சார் நம்புவாங்க?"

"வீட்டுல விருந்தாளி வராங்கய்யா."

"சாயங்காலம் விட்டுடுவோம்ல சார்" என்று தோளில் கைவைத்து, மரியாதையாகவே ஏற்றினார். கொடி காட்டாமல், கோஷம் போடாமல், பை கொடுக்க வந்த இடத்தில் கைதான ஒரே ஆள் இந்தத் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். மனைவிக்குப் போன் செய்தேன். நான் சொல்வதை முழுக்கக் கேட்காமலே அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த கூத்து, எங்களை அடைக்க மண்டபம் இல்லை. ஊரிலுள்ள அத்தனை மண்டபத்தையும் மாநாட்டுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். வேன் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு மண்டபத்தின் மாடியில் இறக்கினார்கள். மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் தெர்மாகோலில் பாதி உதிர்ந்து கிடந்தது. கீழே சாப்பாட்டுக் கூடம். அந்தக் கூடத்தில்தான் மாநாட்டுக்கே சமையல். சாம்பார் வாசனை படியேறி வந்தது. செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று திரும்பியபோது மருந்து நெடியும் சேர்ந்துகொண்டது. வெளியூர்ப் பிரதிநிதிகள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னங்க இது நாத்தம் என்று கேட்டார்கள். இலை அறுக்க வந்திருந்த உள்ளூர்க்காரர், எது என்று திருப்பிக் கேட்டது மாடி வரை கேட்டது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு கூட்டத்தாரும் ஒரே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தோம்.

மதியம் தாண்டியும் சாப்பாட்டுப் பொட்டலம் வரவில்லை. வழக்கமாகப் போலீசுக்குக் கொடுக்கும் ஓட்டல்காரரும் மாநாட்டு ஆர்டரில் மாட்டிக்கொண்டாராம். மாத்திரை போடுகிறவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு கீழே போனார். கொஞ்ச நேரத்தில் வாழையிலைக் கட்டு வந்தது, பின்னாலேயே சாதம் வந்தது, அதற்குப் பின்னால் சாம்பார் வாளியோடு, தோளில் கட்சித் துண்டோடு, என் மச்சான் வந்தார்.

வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றார். கரண்டி அப்படியே நின்றது.

"வரமாட்டீங்கன்னு அக்கா சொல்லிச்சே மாமா."

"வரலைய்யா. பையக் குடுக்க வந்தேன், ஏத்திட்டாங்க."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற மாதிரி, பழைய சிரிப்பு. நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மனிதரைப் பார்த்ததில், சாம்பார் ஊற்றாத சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தேன்.

அவரே நின்று பரிமாறினார். பாயசம் எனக்கு இரண்டு தடவை ஊற்றினார். எல்லோரும் கை கழுவப் போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார், நீர் கோத்து வீங்கியிருந்தது.

"இத்தினி மாநாடு பாத்துட்டேன் மாமா. மேடைய ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. எப்பவும் கிச்சன்தான். தலைவர் பேச்ச மைக்குல கேக்குறதோட சரி."

"எங்களுக்கும் அதே மைக்குதான்யா."

"ரொம்ப அலுத்துப்போச்சு மாமா" என்றார். எது என்று சொல்லவில்லை.

பிறகு நானே ஆரம்பித்தேன். உங்க அக்கா உங்களுக்காகப் புதுச் சட்டி வாங்கி வைத்திருக்கிறாள் என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இன்றைக்கு ராத்திரி வரை பந்தி முடியாது, வர முடியாது என்றார். கோயிலுக்கும் தன்னால் வர முடியாது, தன் ஆட்கள் விடமாட்டார்கள் என்றார். "நலங்குக்கு வந்துடுறேன். புள்ளைக்கு மாலையப் போட்டுட்டு ஒடனே கெளம்பிடுறேன். அக்காகிட்ட நானே சொல்றேன்."

சாயங்காலம் விட்டார்கள். வீட்டுக்குப் போனபோது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமைத்த பதார்த்தமெல்லாம் புதுச் சட்டியில் அப்படியே மூடியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் காலையில் தம்பியே போன் செய்து, பாயசம் உட்பட எல்லாவற்றையும் சொன்னபிறகுதான் எனக்குக் காப்பி வந்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். சட்டிகளைத் தேய்த்து, துடைத்து, நலங்குக்கு எடுக்கலாம் என்று பரணில் ஏற்றினாள்.

ஆவணியில் நலங்கு. நல்ல நேரம் என்று அவள் குறித்து வைத்திருந்தது தாண்டிப் போனது. சம்பந்தியம்மா வந்திருந்தார். பூவைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மாமா இன்னும் வரலையா என்று இரண்டாம் முறை கேட்டார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து என் மனைவியின் புடவை முந்தானை கசங்கிப் போயிருந்தது. கடைசியில் காடாம்புலியூர் வண்டி வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கினார். தாம்பாளத்தில் பட்டுப்புடவை, மாலை, ஒரு மூட்டை முந்திரி.

"அண்ணன் வரல" என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. என் மனைவி ஏன் என்று கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மண்டபத்தில் மச்சான் எனக்குப் பாயசம் ஊற்றியதை எங்கள் வாத்தியார் படம் எடுத்திருக்கிறார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? கறுப்புக் கொடிக்கும் அன்னமிட்ட கை, இதுவல்லவா மனிதநேயம் என்று எழுதி முகநூலில் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். எங்கள் ஆட்கள் இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் அப்படியே அவர்கள் கட்சி வாட்ஸப்பில் சுற்றியிருக்கிறது. எதிரிக்கு விருந்து வைக்கவா உன்னை அங்கே வைத்தோம் என்று மாவட்டக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அக்கா மகள் கிறிஸ்துவ வீட்டுக்குப் போவதையும் அப்போதே இழுத்திருக்கிறார்கள். இனி அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் உட்கார விட்டிருக்கிறார்கள்.

"சோறு போட்டதுக்கா?" என்று கேட்டாள் என் மனைவி. டிரைவரிடம் கேட்டாளா என்னிடம் கேட்டாளா தெரியவில்லை. "பசிக்கிறவனுக்குச் சோறு போட்டதுக்கா?"

எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம், வாத்தியார் மேல் அதைவிட ஆத்திரம். நாம் நல்லவர்கள், எதிரியிடமும் நல்லதைப் பார்ப்பவர்கள் என்று ஊருக்குக் காட்டிக்கொள்ளும் ஆசையில் ஒரு மனிதனைக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்தாள். அவளே மகள் கழுத்தில் போட்டாள். மகள் அழுதாள், சம்பந்தியம்மாவும் அழுதார். மறுநாள் கோயிலில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

அதற்குப் பிறகு மச்சான் அக்காவின் போனை எடுக்கவேயில்லை. கட்சிக்குப் பயந்தா, வரமுடியாமல் போன வெட்கத்திலா, தெரியாது. அவள் ஒருமுறை காடாம்புலியூருக்கே போய் வந்தாள். அவர் தோப்புக்குப் போயிருக்கிறார் என்றாராம் அவர் மனைவி. "செருப்பு வாசல்லயே கெடந்திச்சு" என்றாள் திரும்பி வந்து. கொடி காட்டுகிற வேலையே வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். வாத்தியார் கொடிப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். உட்காரச் சொன்னேன், டீ கொடுத்தேன், வேறு என்ன செய்வது?

மார்கழி பிறந்தது. அதுவும் கல்யாணம் இல்லாத மாதம். அவர்களுடைய அடுத்த மாநாடு சிதம்பரத்தில் என்று ஏட்டின் போன் வந்ததும் தெரிந்துகொண்டேன்.

"வணக்கம் சார். எத்தினி பேரு சார் வரீங்க?"

"நான் வரலைங்க. நெஜமாவே வரல. போன தடவ மாதிரி ஏத்திடாதீங்க."

"சரி சார்" என்றார், வழக்கம்போல நம்பாமல். "இந்த வாட்டி சாப்பாடு லேட்டாவாது சார். ஆருத்ரா தரிசனக் கூட்டத்துல ஓட்டல் ஒண்ணும் கெடைக்காதுன்னு முன்னாடியே அவுங்க கிச்சன்லயே பேசிட்டேன்."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏட்டு சார், அங்க கிச்சன் யாரு பாத்துக்குறாங்க?"

"அதே காடாம்புலியூர்க்காரருதாம்மா. திட்டிட்டாங்களே தவிர, அவர வுட்டா சமையலுக்கு ஆளு ஏது அவுங்களுக்கு?"

அவள் பரணைப் பார்த்தாள். கொடிப்பை ஒரு பக்கம், ஒரே ஒரு நாள் அடுப்பேறிய புதுச் சட்டிகள் ஒரு பக்கம்.

"போன எடுக்காட்டியும், நான் கை கழுவுற வரைக்கும் எலைக்கு முன்னாடி நிப்பான்ல" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு போனில் சொன்னாள்: "ரெண்டு சாப்பாடு சேத்துச் சொல்லிடுங்க சார். நானும் வரேன்."